கீல்

ஆமணக்கு முத்தை முதல்முதலாகக் கையில் வாங்குகிறவள்
உண்ணி என்று உதறிவிடுவாள்.
நானும் உதறினேன்.
மேஸ்திரி ஸப்பெல்லி சிரித்தார்:
"லத்தீனில் இதற்குப் பெயரே உண்ணிதான், எர்ஸீலியா.
ரத்தம் குடிக்காது. பொறுக்கு."

அடிஜே ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஆலை.
ஆகஸ்ட் களத்தில் காய் காயும்போது
முள்ளுறை படீரென வெடிக்கும்,
முத்து ஆள் உயரம் எழும்பி முகத்தில் அறையும்.
புடைத்து, தோல் நீக்கி,
குதிரைமயிர்ப் பைகளில் கட்டி
இரும்புத் தட்டுகளுக்கிடையே அடுக்குவோம்.
முதலில் ஒன்றும் வராது.
பிறகு நெற்றி வியர்ப்பதுபோல் வரும்.

சூடு படாத முதல் பிழிவு மருந்துக்கு.
நீராவியில் கொதிக்கவிட்டு
நஞ்சை நுரையோடு வழித்தெறிந்தபின்
வெளிறிப்போய், வாசமே இல்லாமல் நிற்கும்.
இரண்டாவது பிழிவு சோப்புக்கு, தோலுக்கு, விமானத்துக்கு.
கணக்கர் ஃபௌஸ்தீனோ போரில் விமானம் ஓட்டியவர்.
எஞ்சின் கக்கிய எண்ணெய் நேராக வாய்க்குள் போகுமாம்.
"எதிரி வந்தால் சுடலாம்,
வயிறு கலக்கினால் மேகத்தில் எங்கே ஒதுங்குவது?"
பிண்ணாக்கு வயலுக்கு மட்டும்.
தெரியாமல் தின்ற பசுவை
மறுநாள் வண்டியில்தான் ஏற்ற வேண்டும்.

என் வேலை புட்டி நிரப்புவது.
எண்ணெய் நூலாக இறங்கும்;
விரட்டினால் குமிழி விழும், குமிழி விழுந்தால் கூலியில் பிடிப்பார்கள்.
ஒவ்வொரு புட்டியின் சீட்டிலும், ஓரத்தில்,
பென்சிலால் என் எண்: பதினேழு.
புனலில் தங்கிய சொட்டுகளை
மாலையில் ஒரு தகர டப்பாவில் கொண்டுபோவேன்.
அதைத் திருட்டு என்று யாரும் சொன்னதில்லை.
அப்பாவின் செருப்புக்கு, அம்மாவின் முழங்கைக்கு,
மீந்தது வாசல் கதவின் கீலுக்கு.
எங்கள் தெருவிலேயே சத்தமில்லாத கதவு எங்களுடையது.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அண்ணன் ஒலிந்தோ கூலிக்காரர் சங்கத்தில் சந்தா வசூலித்தான்.
அவ்வளவுதான். பேச்சுகூட வராது அவனுக்கு,
மேடையேறினால் தொப்பியைப் பிசைவான்.

இருபத்திரண்டாம் வருஷம், மே மாதம்.
கறுப்புச் சட்டைக்காரர்கள் ஆறு பேர், லாரியில்.
லாரியைத் திருப்பத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள்.
தாழ்ப்பாள் போடும் வழக்கம் எங்களுக்கு இல்லை.
கதவு திறந்தது,
அடைத்தது.
மாடியில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

கோயில் சதுக்கத்தில், விளக்குக் கம்பத்தில்,
காலைப் பூசைக்கு ஊர் வரும்வரை கட்டிவைத்திருந்தார்கள்.
கால்சட்டையைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.
ஊர் பார்த்தது; பார்க்காததுபோல் நடந்தது.
அம்மா தன் சால்வையைக் கழற்றிச் சுற்றினாள்.
டாக்டர் உப்பு நீர் கொடுக்கச் சொல்லிவிட்டு
எங்கள் வீட்டுக்கு வந்ததை
யாரிடமும் சொல்லவேண்டாம் என்றார்.

புட்டி கம்பத்தடியிலேயே கிடந்தது.
குழந்தைக்கு ஒரு கரண்டி புகட்டிவிட்டு
சர்க்கரைக் கட்டி நீட்டுவார்களே, அந்தப் புட்டி.
முக்கால் காலி.
சீட்டைத் திருப்பிப் பார்க்கவேண்டாம் என்று
என் கைக்குச் சொன்னேன்.
கை கேட்கவில்லை.
பதினேழு.
ஒரு குமிழிகூட இல்லை.

திங்களன்று வேலைக்குப் போனேன்.
போகாமல் மூன்று வயிறு என்ன செய்யும்?
வெரோனாவிலிருந்து முந்நூறு புட்டி கேட்டு ஆணை வந்திருந்தது.
"நல்ல கிராக்கி" என்றார் ஸப்பெல்லி,
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்,
நெடுநேரம் துடைத்தார்.

அன்று டப்பாவை எடுத்துவரவில்லை.
கொல்லையில் சோடாக் காரத்தைக் கரைத்து
பழைய துணியால் கீலைக் கழுவினேன்,
மேல் கீல், கீழ்க் கீல்,
விரல் தோல் உரியும்வரை.
அப்பா எதற்கு என்று கேட்கவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது எங்கள் கதவு
பூனை உரசினாலும் அலறுகிறது.
பக்கத்து வீட்டு நோர்மா ஜன்னலைத் திறந்து திட்டுகிறாள்.
ஒலிந்தோ இரவில் நாலு தடவை எழுந்துபோய்
ஒரு விரலால் கதவை அசைத்துப் பார்ப்பான்.
அது கத்தும்.
பிறகுதான் படுப்பான்.